வெள்ளைக் கூடையில் விழுந்த கைத்துண்டு

காலைச் சாப்பாட்டை முடிக்காத மனிதரிடம் யாரும் வழக்கு கொண்டுவரக் கூடாது என்பது அந்தத் துப்பறியும் அலுவலகத்தின் எழுதப்படாத சட்டம். அவரை ஊரே 'நிதானம்' என்றுதான் கூப்பிட்டது. காப்பீட்டுக் கம்பெனியில் பொய்த் தீவிபத்துகளைத் துருவிக்கொண்டிருந்த காலத்திலேயே ஒட்டிக்கொண்ட பெயர் அது. உள்ளே தீப்பிடித்தாலும் வாயில் இருப்பதை மென்று விழுங்கிவிட்டுத்தான் எழுந்திருப்பார் என்பார்கள். அவருடைய உதவியாளர் இதற்கு நேர் எதிர். தொலைபேசி இணைப்பகத்தில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்த நாற்பது வயதுக்காரி. அவள் காதில் விழுந்த சேதி தெருமுனைக்குப் போய்ச்சேர நேரமே ஆகாது. அதனால் அவளுக்குப் பெயர் 'தந்தி'.

அன்று காலை சட்டத்தை மீறி உள்ளே வந்தவர் மூலிகை வைத்தியம் பார்க்கும் ஒரு பெண்மணி. முழங்கை வரை இலைச்சாற்றின் பச்சைக் கறை. உட்காரச் சொல்லும் முன்பே உட்கார்ந்தார்.

"இன்னைக்குச் சாயங்காலம் என்னைப் பிடிச்சிட்டுப் போகப் போறாங்க. அதுகூடப் போகட்டும். அந்த அம்மா சாயங்காலமும் ஒரு டம்ளர் குடிக்கப் போறாங்க. அதுதான் சார் எனக்குப் பயம்."

நிதானம் ரொட்டியைக் கீழே வைத்தார். அவர் ரொட்டியைப் பாதியில் வைத்ததைத் தந்தி அதற்கு முன்பு பார்த்ததில்லை.

வைத்தியர் சொன்ன கதை இது. கடைத்தெருவில் பெரிய சலவை நிலையம் நடத்தும் தம்பதி. டிரை கிளீனிங் திரவத்தின் நெடியிலேயே காலம் தள்ளியவர்கள். முதலாளிக்குக் குடியும் சேர்ந்து கல்லீரல் கெட்டது. பரிசோதித்தபோது மனைவிக்கும் லேசான பாதிப்பு தெரிந்தது. இருவருக்கும் வைத்தியர் ஒரே மருந்துதான் கொடுத்தார். கீழாநெல்லிக் கஷாயம், கரிசலாங்கண்ணிக் கஷாயம், மிளகு சேர்த்து அரைத்த மஞ்சள். மூன்றும் சேர்ந்தால் ஈரலில் தழும்பு விழாமல் காக்கும் என்பது அவர் கற்ற வழியின் நம்பிக்கை. எல்லோருக்கும் கேட்கும் என்று அவர் யாருக்கும் சத்தியம் செய்து கொடுத்ததில்லை. முதலாளி தேறிவிட்டார். குடியை விட்டதாலா, மருந்தாலா என்று ஆஸ்பத்திரி டாக்டருக்கே சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஒரு சொட்டுக்கூடக் குடித்தறியாத மனைவியின் ஈரல் இறுகிக்கொண்டே போகிறது. வயிற்றில் நீர் கோத்துவிட்டது. ஏதோ ஒன்று உள்ளே போய் ஈரலை அரிக்கிறது, இன்னும் போனால் தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டு வைத்தியர் மேல் புகாரும் கொடுத்துவிட்டார்.

"நிறுத்தச் சொல்லலையா?" என்றாள் தந்தி.

"கால்ல விழாத குறைதான். 'எனக்கு நல்லாச்சே, உங்க மருந்து மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா'ன்னு கேக்கறார் அவர். அவங்களுக்கு இன்னும் கேக்கலைன்னு காலையில மட்டும் குடுத்ததை இப்போ சாயங்காலமும் குடுக்கறாங்க. ஒரே ஜாடிதான் சார். ஒரே ஜாடியிலிருந்து ரெண்டு பேரும் குடிக்கறாங்க."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள் என்று தந்தி நினைத்தாள். நிதானம் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

*

சலவை நிலையத்தின் முன்பக்கம் பார்க்க லட்சணமாக இருந்தது. கண்ணாடி மேசை, கண்ணாடிப் பைக்குள் தொங்கும் கோட்டுகள், மூலையில் வாசனைத் திரவம். அந்த வாசனைக்குப் பின்னால், இடது பக்கம், டிரை கிளீனிங் அறை. அதற்கு இருந்த ஒரே ஜன்னலைப் பலகை வைத்து ஆணியடித்து, மேலே பூப்போட்ட திரை தொங்கவிட்டிருந்தார்கள். கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் தந்திக்குத் தொண்டை கமறியது.

மாடியில்தான் குடும்பம். அவர்கள் போனபோது காலை மருந்து நடந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் அது ஒரு சடங்கு போலவே இருந்தது. விடியும்போதே முதலாளி தன் கையால் இரண்டு கஷாயத்தையும் காய்ச்சி ஜாடியில் கலந்துவிடுவார். இஸ்திரி போடும் ஆள், கை வலு உள்ளவர், மஞ்சளை மிளகோடு அரைத்துக் கிண்ணத்தில் வழித்து வைப்பார். அடியில் அந்த விழுதை இட்ட டம்ளர்களை மனைவியின் அக்கா தட்டில் அடுக்கி, ஜாடியோடு எடுத்து வருவாள்.

மனைவி நாற்காலியில் சாய்ந்திருந்தாள். கையும் காலும் குச்சி. வயிறு மட்டும் நிறைமாதம். கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள். அக்கா அவள் தலையை நிமிர்த்தி, எவர்சில்வர் டம்ளரை உதட்டில் வைத்து, கரண்டியால் அடியைக் கலக்கிக் கலக்கிக் கொடுத்தாள். "குடிச்சிரு கண்ணு, கசப்பைப் பார்க்காத" என்றாள். முதலாளி தன் டம்ளரை ஒரே மூச்சில் கவிழ்த்தார். ஜாடியின் அடியில் மிஞ்சியதை, எல்லோர் எதிரிலும், அக்காவே குடித்தாள். தன் மேல் ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்று மருந்துத் தட்டு தன் கைக்கு வந்த நாளிலிருந்தே அப்படிச் செய்கிறாளாம்.

குடித்து முடித்ததும் முதலாளி தன் வாயையும் மனைவியின் வாயையும் ஆளுக்கொரு வெள்ளைக் கைத்துண்டால் துடைத்தார். இரண்டிலும் ஒரே மாதிரி கரும்பச்சைக் கறை. சலவைக் கடைக்காரர் வீடல்லவா, வீட்டுத் துணிக்கும் அடையாள நூல் தைத்திருந்தார்கள். அவருடையதில் நீலம், அவளுடையதில் கறுப்பு. கீழே இறங்கும் வழியில் இரண்டையும் வண்ணத்துணிக் கூடையில் வீசிவிட்டுப் போனார்.

நிதானம் முதலாளியோடு உட்கார்ந்துகொண்டார். தந்தியை அக்காவிடம் அனுப்பினார். அக்காவின் இடம் கீழே, துணி பிரிக்கும் மேசை. கல்யாணமாகி, விதவையாகி, மகனோடு தங்கையிடம் வந்து சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு அந்த மேசைதான் உலகம். பேசும்போதும் கை நிற்கவில்லை. சட்டை இங்கே, விரிப்பு அங்கே, கம்பளி அப்பால். கண் தந்தியின் முகத்தில் இருக்க, கை தன்பாட்டுக்குத் துணியைப் பிரித்துக்கொண்டிருந்தது.

"வெள்ளையா இருந்தா வெள்ளைக் கூடைதான். எந்தக் கறையா இருந்தாலும் சோடா போட்டுக் கொதிக்க வச்சா போயிரும்" என்றாள். "மஞ்சள் மட்டும் ஆகாது. சோடா பட்டா ரத்தமாச் சிவந்துரும். புதுசுல ஒரே ஒரு மஞ்சக்கறைத் துணியைத் தெரியாம வெள்ளையில போட்டுட்டேன். ஒரு ஹோட்டலோட படுக்கை விரிப்பு மொத்தமும் சிவந்து போச்சு. என் தங்கச்சி வேலைக்காரங்க முன்னாடி என்னைக் கையெடுத்துக் கும்பிட வச்சா. அதுக்கப்புறம் இந்தக் கை தப்புப் பண்ணினதில்ல."

சொல்லிக்கொண்டே வண்ணக் கூடையைக் கவிழ்த்தாள். அந்த இரண்டு கைத்துண்டுகளும் விழுந்தன. நீலநூல் போட்டது வண்ணக் குவியலுக்கே திரும்பியது. கறுப்புநூல் போட்டது வெள்ளைக் கூடைக்குப் போனது. என்ன சுறுசுறுப்பு என்று தந்தி வியந்தாள். அவள் வீட்டில் துணி துவைப்பது என்றாலே எல்லாம் ஒரே வாளிதான்.

மகன் எங்கே என்று கேட்டாள்.

"அந்த ரூம்லதான் வேலை பார்த்தான்" என்று அக்கா ஆணியடித்த ஜன்னல் பக்கம் தலையை அசைத்தாள். "போன வருஷம் காமாலை வந்து போயிட்டான்."

சொல்லிவிட்டு அடுத்த கூடையை இழுத்தாள். தந்தி, வாழ்க்கையில் அபூர்வமாக, மேலே கேட்கவில்லை.

இஸ்திரிக்காரர் வேறு ரகம். பெரிய மேஸ்திரி ஆக்குகிறேன் என்று முதலாளியம்மா வருஷக்கணக்காக ஆசை காட்டி ஏமாற்றியதை மென்று துப்பினார். அவர் படுப்பது பின்கட்டில். அங்கே துணி காயப்போடும் கொடிகளுக்கு அப்பால் புதராக ஏதோ செடி. காற்றடித்தபோது காய்ந்த காய்கள் கலகலவென்று கிலுக்கு மாதிரி ஒலித்தன. வேலியோரம் மட்டும் சத்தம் இல்லை. அங்கே காய்களை யாரோ ஒட்டப் பறித்திருந்தார்கள்.

*

மதியம் அலுவலகத்தில் தந்தி தீர்ப்பே எழுதிவிட்டாள். "முதலாளிதான் சார். பெண்டாட்டி செத்தா வேற கட்டிக்கலாம். காய்ச்சறதும் அவர்தான். ரெண்டாவது வேளையும் குடுன்னு ஒத்தக்கால்ல நிக்கறவரும் அவர்தான்."

"அப்போ அவரும் ஏன் குடிக்கறார்? அக்கா ஏன் குடிக்கறாங்க?"

"சரி, இஸ்திரிக்காரன். மஞ்சள் அரைக்கறது அவன்தானே. காய் பறிச்சிருந்த அந்தச் செடியும் அவன் தலைமாட்டுலயே இருக்கு."

"ஒரே கிண்ணத்து மஞ்சள்தான் ரெண்டு டம்ளருக்கும் போகுது. முதலாளிக்கு ஏன் ஒண்ணும் ஆகலை?"

தந்திக்குக் கோபம் வந்தது. பாம்பென்று அடிக்கவும் முடியவில்லை, பழுதென்று தாண்டவும் முடியவில்லை. நிதானம் கண்ணை மூடிக்கொண்டு, காலையில் பார்த்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னாள். அவளுக்கு அது வரப்பிரசாதம். கேட்டதையும் பார்த்ததையும் அப்படியே ஒப்பிப்பாள், எது முக்கியம் என்று மட்டும் தெரியாது. கைத்துண்டு வந்த இடத்தில் அவர் கண்ணைத் திறந்தார்.

"அந்த இடத்தை இன்னொரு தடவை."

இன்னொரு தடவையும் சொன்னாள். பிறகு அவர் வைத்தியரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, காய் கிலுக்குப் போல ஒலிக்கும் செடி என்ன, அதன் விதையை அரைத்தால் எப்படி இருக்கும் என்று கேட்டார். மறுமுனையில் வைத்தியர் அழத் தொடங்கியது தந்திக்கே கேட்டது.

*

சாயங்காலம் நிதானம் சொன்னபடி வைத்தியரும் சலவை நிலையத்துக்கு வந்திருந்தார்; அவரைப் பிடிக்க ஆய்வாளர் அங்கேயே வந்தார். நிதானம் ஆய்வாளரை வாசலிலேயே நிறுத்தி, ஒரு டம்ளர் குடிக்கும் நேரம் மட்டும் கேட்டார். மருந்துத் தட்டு மாடிக்குப் போன பிறகுதான் தந்தியும் வைத்தியருமாக நால்வரும் ஏறினார்கள். இஸ்திரிக்காரரையும் நிதானம் கையோடு அழைத்துக்கொண்டார்.

அக்கா தங்கையின் தலையை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். டம்ளர் உதட்டைத் தொடும் தறுவாயில் நிதானம் அதை மெதுவாக வாங்கிக்கொண்டார். முதலாளியின் டம்ளரையும் வாங்கினார். முதலாளி எகிறினார், ஆய்வாளர் அவர் தோளில் கை வைத்தார்.

"எல்லாரும் ஜாடியையே பார்த்தீங்க" என்றார் நிதானம். "ஒரே ஜாடி, அதனால ஒரே மருந்துன்னு நினைச்சீங்க. ஜாடியில ரெண்டு மருந்துதான் இருக்கு. மூணாவது டம்ளரோட அடியில இருக்கு."

இரண்டு டம்ளர்களிலும் மேலாக நின்ற கஷாயத்தை மெல்ல வடித்தார். அடியில் விழுது தங்கியது. கஷாயத்தில் ஊறி இரண்டும் ஒரே மாதிரி அழுக்கு நிறத்தில் இருந்தன. சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். கீழே தொட்டியில் போடும் அதே சலவை சோடா. இரண்டிலும் ஒரு சிட்டிகை போட்டுக் கரண்டியால் கலக்கினார்.

முதலாளியின் டம்ளரில் இருந்தது ரத்தச் சிவப்பாகச் சிவந்தது. மனைவியின் டம்ளரில் இருந்தது அப்படியே அழுக்காகக் கிடந்தது.

சலவைக் கடையில் இதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இஸ்திரிக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். நான் அரைத்தது மஞ்சள்தான், கிண்ணத்தைப் பாருங்கள் என்று பதறினார். வைத்தியர் டம்ளரை முகர்ந்து பார்த்தார். கிலுகிலுப்பை விதை, ஈரலைக் கெடுக்கும் விஷம் என்றார். தழும்பு விழாமல் காக்க நான் கொடுத்த மருந்துக்குள் தழும்பு போடுவதையே வைத்திருக்கிறார்கள் என்றார். மூன்று சேர்ந்தால் மருந்து என்று அவர் சொல்லிக்கொடுத்த வீட்டில், மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டு எமனை வைத்திருந்தார்கள்.

"யாரு?" என்றார் முதலாளி.

"விழுதை யார் வேணும்னாலும் மாத்தியிருக்கலாம். இஸ்திரிக்காரர் மாத்தியிருக்கலாம், நீங்களும் மாத்தியிருக்கலாம். அதனால யாருக்கு அது தெரிஞ்சிருந்ததுன்னு பார்த்தேன்." நிதானம் தந்தியைக் காட்டினார். "பார்த்தது இவங்க. நீங்க ரெண்டு கைத்துண்டையும் வண்ணக் கூடையில போட்டீங்க. ரெண்டுலயும் மஞ்சள் பட்டிருக்குன்னு நம்பினீங்க. மஞ்சள் பட்டது வெள்ளைத் தொட்டிக்குப் போகக் கூடாது. அது இந்தக் கடையோட வேதம். அந்த நம்பிக்கைதான் உங்களைக் காப்பாத்துது. அப்புறம் ஒரு கை கூடையைக் கவிழ்த்தது. உங்களோடதை வண்ணத்துலயே விட்டுது. உங்க மனைவியோடதை எடுத்து, கண்ணால பார்க்காமலே, வெள்ளையில போட்டுது. ரெண்டுலயும் ஒரே பச்சைக் கறைதான். ஒண்ணுல மஞ்சள் இல்லைன்னு அந்தக் கைக்கு எப்படித் தெரியும்?"

யாரும் அக்காவைப் பார்க்கவில்லை; பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவள் தங்கையின் போர்வையை இழுத்து நான்காக மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்து, ஓரம் சரிபார்த்து, நாற்காலிக் கையில் வைத்தாள்.

"வாயைக் கட்டி வச்சிருந்தேன்" என்றாள். "கையைக் கட்டி வைக்க மறந்துட்டேன்."

காலையில் அதே கைதான் அந்தத் தலையைக் குழந்தைத் தலை போலத் தாங்கியது. அதே வாய்தான் 'கண்ணு' என்று கொஞ்சியது.

"ஏன்க்கா?" என்றாள் நாற்காலியில் இருந்தவள். குரல் நூலாக வந்தது.

"என் பையன் உன்கிட்ட என்ன கேட்டான்? ஜன்னலைத் திறந்து வையுங்க சித்தின்னு கேட்டான். கடைக்கு வர்றவங்களுக்கு நாத்தமடிக்குதுன்னு நீ ஆணி அடிக்கச் சொன்ன. கண்ணு மஞ்சளாச்சு. ரெண்டு நாள் ரெஸ்ட் எடுத்துட்டு வான்னு சொன்ன. இந்த வைத்தியரம்மா மருந்து அப்பவே இந்த வீட்டுக்கு வந்திருச்சு. அவனுக்கும் ஒரு டம்ளர் குடுடின்னு கேட்டேன். மிச்சம் இருந்தா தர்றேன்னு சொன்ன." அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "அவன் போனப்புறந்தான் தட்டு என் கைக்கு வந்துச்சு. தினமும் மிச்சத்தை நான்தான் குடிச்சேன். மிச்சம் இருந்துச்சுடி. என்னைக்குமே இருந்துச்சு."

வைத்தியர் முகத்தை மூடிக்கொண்டார். அந்த வீட்டில் மூன்றாவது நோயாளி இருந்ததை யாரும் அவரிடம் சொன்னதில்லை. கேட்டிருந்தால் ஒரு கட்டு இலை கூடப் பறித்திருப்பார், அவ்வளவுதான்.

அக்காவை அழைத்துக்கொண்டு ஆய்வாளர் படியிறங்கினார். அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. முதலாளி ஒரு மூலையில் உட்கார்ந்து, தன் உயிர் தப்பியதை எண்ணியோ என்னவோ, கையைப் பிசைந்துகொண்டிருந்தார். நோயாளியை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், என்ன உள்ளே போயிற்று என்று இப்போது டாக்டருக்குச் சொல்லலாம், பிழைக்க வழி இருக்கிறது என்று வைத்தியர் சொன்னார். தன்னைச் சிறை வாசல்வரை கொண்டுபோன வீட்டுக்கு அவரே வண்டி சொல்லியனுப்பினார்.

நிதானம் நாற்காலி அருகே குனிந்தார். வரும்போது கீழே அந்த அறைக்குள் ஓர் ஆளைப் பார்த்ததாகவும், அவன் கண்ணும் மஞ்சளாக இருப்பதாகவும் சொன்னார். "நீங்க பிழைச்சு வருவீங்கம்மா. அதுக்கு முன்னாடி அந்த ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்க. ஒரு வார்த்தை போதும்."

அவள் உதடு அசைவதைப் பார்த்துத் தந்தி குனிந்து காதைக் கொடுத்தாள். பாவம், அக்காவிடம் மன்னிப்புக் கேட்கிறாளோ என்றுதான் நினைத்தாள்.

"முன்பக்கம் நாத்தமடிக்குமே" என்றாள் அவள்.

தந்தி நிமிர்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்தே நிதானம் என்ன பதில் என்று புரிந்துகொண்டார். எழுந்தார். இஸ்திரிக்காரரிடம் சுத்தியல் எங்கே இருக்கிறது என்று கேட்டார். பிறகு இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார். அவர் ஓடியதை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. தந்தி அன்றுதான் பார்த்தாள்.

அவள் பின்னாலேயே ஓடி வாசலுக்கு வந்தபோது, ஆய்வாளரின் வண்டி இன்னும் கிளம்பவில்லை. உள்ளேயிருந்து பலகை பெயரும் சத்தம் தெருவரை கேட்டது. வண்டிக்குள் இருந்த அக்கா தலையை வெளியே நீட்டி, அது என்ன சத்தம் என்று கேட்டாள்.

"ஜன்னலைத் திறக்கறாங்க" என்றாள் தந்தி.

அக்கா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அவன் கேட்டது அவ்வளவுதான்" என்றாள்.